மண்ணுக்க கோளாறா? ஒரு குரோமோசோம் கூடிப்போவது எப்படி

சென்ற ஆண்டு ஓணத்துக்கு முந்தைய வாரம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் மகளையும் மூன்று மாதப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன், மருத்துவன் இல்லை. ஆனாலும் ஆய்வக ரிப்போர்ட் ஒன்று புரியாமல் போனால் வாத்தியார் வீட்டுக்கு வருவது ஊர் வழக்கம்தான். பலமுறை மடித்து ஓரம் நைந்துபோன ஒரு தாளை மகள் நீட்டினாள். செல்லுக்குள் ஜீன்களைச் சுமக்கும் நூல்களான குரோமோசோம்களை ஜோடி ஜோடியாக அடுக்கிய படங்கள். 21 என்று எண்ணிட்ட இடத்தில் மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று. கீழே ஒரே வரி: 47, எக்ஸ்எக்ஸ், +21. அதாவது மொத்தம் 47, பெண் குழந்தை, 21 ஒன்று கூடுதல். உடல் வளர்ச்சியும் அறிவு வளர்ச்சியும் மெதுவாக இருக்கும் பிறவி நிலை, டவுன் சிண்ட்ரோம்.

மகள் ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் கேட்டார்: “சாரே, இது நம்ம மண்ணுக்க கோளாறா? மாப்பிள்ளை வீட்டுல அப்பிடித்தான் சொல்லுகாவ. கடக்கரை மண்ணுல வளந்த பெண்ணு, அதான் பிள்ளை இப்பிடி வந்துட்டுன்னு.”

இல்லை என்றேன். ஆனால் இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. ‘அப்படியென்றால் எதனால்?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காதவரை, பழி போய் உட்கார ஓர் ஆளைத் தேடிக்கொண்டே இருக்கும். நம் வீடுகளில் அந்த ஆள் எப்போதும் பெண்தான். அன்று திண்ணையில் இருந்து அவர்களிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு வருடமும் பல்லாரி, அதாவது பெரிய வெங்காய வேரை வைத்துத்தான் செல் பகுப்பைக் காட்டுவோம். தண்ணீர் நிறைந்த சீசா வாயில் பல்லாரியை உட்கார வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கும். காலையில் வேரின் நுனியை மட்டும் கத்தரித்து, அமிலத்தில் லேசாகச் சூடாக்கி, சிவப்புச் சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டுக்கு அடியில் வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். விரல் வழுக்கினால் எல்லாம் போச்சு. சரியாக வந்துவிட்டால் நுண்ணோக்கியில் நூற்றுக்கணக்கான செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் தெரியும். அவற்றில் சிலவற்றில் மட்டும் குரோமோசோம்கள் தடித்த நூல்களாகத் திரண்டு நிற்கும். பல்லாரிக்கு 16 குரோமோசோம். நமக்கு 46, அதாவது 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது.

பிரியும் முன்பே ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப்போல் இன்னொரு நகல் எடுத்துவிடும். மூலமும் நகலும் உடனே விலகிவிடாமல், கொஹீசின் என்ற புரத வளையங்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிவைக்கின்றன. செல்லின் இரு முனைகளிலிருந்தும் கதிர்கோல் இழைகள் புறப்பட்டு வரும். இருட்டில் தூண்டில் போடுவதுபோல அவை நீளும்; ஒன்றும் அகப்படாவிட்டால் சுருங்கும்; மறுபடி வேறு திசையில் நீளும். மூலத்தை ஒரு முனையின் இழையும் நகலை எதிர் முனையின் இழையும் பிடித்தால்தான் சரி. எல்லாக் குரோமோசோமும் இப்படிப் பிடிபட்டு, இரு பக்கமும் இழுத்து, நடுவில் வரிசையாக விறைத்து நிற்கும் வரை செல் பொறுத்திருக்கும். ஒரே ஒன்று பிடிபடாமல் இருந்தாலும் அந்த இடத்திலிருந்து ‘இன்னும் நில்’ என்ற வேதிச் செய்தி வந்துகொண்டே இருக்கும். கடைசி ஆளும் ஏறிய பிறகுதான் கத்தி உறையிலிருந்து வெளிவருகிறது. செபரேஸ் என்ற நொதிதான் அந்தக் கத்தி. அது கொஹீசின் வளையங்களை அறுத்ததும் இரு பாதிகளும் எதிரெதிர் முனைக்கு ஓடும்.

இந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கூப்பிட்டாள்: “சார், இதுல ஒண்ணு மட்டும் நடுவுல நிக்கு.” போய்ப் பார்த்தேன். இரு முனையிலும் சிவப்புக் கொத்துகள்; நடுவில் தனியாக ஒரு துணுக்கு. பின்தங்கிய குரோமோசோம். இது நேர்வதற்கு ஒரு வழி உண்டு. ஒரே குரோமோசோமின் பிடி இடத்தை இரண்டு முனைகளின் இழைகளும் சேர்ந்து பற்றிக்கொள்வது. காவல் ஏற்பாட்டுக்கு இது தெரியாது. அது பார்ப்பது ‘பிடிபட்டதா’ என்பதைத்தான், ‘சரியான பக்கத்திலிருந்து மட்டும் பிடிபட்டதா’ என்பதை அல்ல. இரண்டு பக்கமும் இழுபட்டு அது நடுவிலேயே நின்றுபோகும். கடைசியில் ஏதோ ஒரு பக்கம் விழும். அது தவறான பக்கமாக இருந்தால் ஒரு செல்லில் ஒன்று கூடுதல், மற்றதில் ஒன்று குறைவு. பல்லாரி வேரில் ஒரு செல் இப்படிப் போனால் பல்லாரிக்கு நஷ்டமில்லை. நம் உடம்பிலும் இப்படிக் கெட்ட செல்கள் பெரும்பாலும் தானே அழிந்துபோகும். அழியாமல் பெருகுகிறவற்றைப் புற்றுநோய்க் கட்டிகளில் பார்க்கிறோம். கட்டியாகத் திரளும் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் குரோமோசோம் கணக்கு குளறுபடியாகத்தான் இருக்கிறது.

எண்ணிக்கையைக் கண்டுபிடித்த கதையில் நம் காந்தளுக்கும் பங்கு உண்டு. செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. இதே நஞ்சு ஐரோப்பாவில் வேறொரு செடியில் உண்டு. பெயர் அதிலிருந்து வந்தது. கதிர்கோல் இழைகள் உருவாகவிடாமல் அது தடுத்துவிடும். இழுக்க ஆளில்லாததால் குரோமோசோம்கள் பிரிய முடியாமல், எண்ணுவதற்கு வசதியாக அப்படியே நிற்கும். மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றுதான் பல வருடங்கள் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ட்ஜியோ, ஸ்வீடனில் ஆல்பர்ட் லெவானுடன் சேர்ந்து, கோல்ச்சிசினும் பயன்படுத்தித் தெளிவான படங்கள் எடுத்து 46 என்று 1956இல் வெளியிட்டார். சரியான எண் தெரிந்த பிறகுதானே கூடுதல் எது என்று சொல்ல முடியும்? 1959இல் பாரிஸில் லெஜூன், கோத்தியே, துர்பான் மூவரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு 47 இருப்பதைக் காட்டினார்கள். செல் வளர்க்கும் கடினமான வேலையைச் செய்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். அவருடைய பங்கு வெளியே பேசப்பட வெகுகாலம் ஆயிற்று. அந்த அம்மா கொண்டுவந்த ரிப்போர்ட்டுக்காகக் குழந்தையின் ரத்தத்தைச் சோதித்தபோதும் கோல்ச்சிசின் வகை மருந்து ஒன்றைச் சேர்த்துத்தான் செல்களை நிறுத்தியிருப்பார்கள். நம் வேலி ஓரம் பூக்கும் பூவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, கருமுட்டைக்கு வருவோம். மொத்த விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

முட்டையும் விந்தும் உருவாகும் பகுப்பு வேறு மாதிரி. மியாசிஸ் என்கிறோம். அதில் அம்மா கொடுத்த 21ஆம் குரோமோசோமும் அப்பா கொடுத்த 21ஆம் குரோமோசோமும் ஒன்றையொன்று தேடிவந்து இணைந்து, துண்டுகளைப் பரிமாறிக்கொண்டு, பரிமாறிய இடத்திலேயே பின்னிக் கிடக்கும். பிறகு இரண்டு கட்டமாகப் பிரிந்து, 46 என்பது 23 ஆகும். ஆணுக்கு இந்த வேலை பருவம் வந்த பிறகு தொடங்கி, ஒவ்வொரு விந்துக்கும் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் எடுத்து, ஓயாமல் நடக்கும். பெண்ணுக்கு அப்படி இல்லை. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே அவளுடைய எல்லா முட்டைகளும் மியாசிஸைத் தொடங்கிவிடுகின்றன. கருவின் ஐந்தாம் மாத வாக்கில் 60, 70 லட்சம் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். தொடங்கிய எல்லாமே பாதி வழியில், ஜோடிகள் பின்னிய நிலையில் அப்படியே நின்றுவிடும். பிறகு மாதம் ஒன்றாக, அந்தந்த முட்டை வெளிவரும் சமயத்தில்தான் முதல் பிரிவு முடியும். சில முட்டை 15 வருடம் காத்திருக்கும், சில 40 வருடம்.

இத்தனை காலமும் ஜோடிகளைப் பிடித்துவைத்திருப்பது அதே கொஹீசின் கட்டுதான். பழைய கட்டுமரம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மரங்களைக் கயிற்றால் வரிந்து கட்டிக் கடலுக்குப் போவார்கள். கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயவைப்பார்கள். ஒவ்வொரு முறையும் கட்டைப் புதிதாகப் போடலாம். முட்டைக்குள் அப்படி முடியாது. கருவில் போட்ட கட்டுக்குப் பதில் புதுக் கட்டு போடும் ஏற்பாடு முட்டையில் அநேகமாக இல்லை என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. வருடம் போகப்போகக் கயிறு நைகிறது. கரையில் அவிழ வேண்டிய கட்டு நடுக்கடலில் அவிழ்ந்தால் மரம் எந்தப் பக்கம் மிதக்கும் என்று யார் சொல்ல முடியும்? 21ஆம் குரோமோசோம் மிகச் சிறியது; பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பின்னிக் கிடக்கும், சிலவேளை அதுவும் இருக்காது. போதாததற்கு, ‘இன்னும் நில்’ என்று சொல்லும் காவலும் முட்டையில் அத்தனை கண்டிப்பாக இல்லை. ஜோடி பிரியாமல் இரண்டும் ஒரே முட்டைக்குள் தங்கிவிட்டால், விந்து கொண்டுவரும் ஒன்றோடு சேர்த்து மூன்று. டவுன் சிண்ட்ரோமில் கூடுதல் குரோமோசோம் 10இல் 9 தடவை முட்டையிலிருந்தும், மீதி விந்திலிருந்தும் வருகிறது.

இந்த இடத்தில்தான் அந்த அம்மாவிடம் ஒன்று சொன்னேன்: “அம்மா, இந்தப் பிள்ளை எந்த முட்டையில இருந்து வந்ததோ, அந்த முட்டை உங்க வயித்துலதான் உருவாச்சு. உங்க மக அப்போ பிறக்கவே இல்ல.” அவர் கொஞ்ச நேரம் பேத்தியைப் பார்த்தபடி இருந்தார். ஒருவர் பிறக்கும் முன்பே போட்ட கட்டு, 26 வருடம் கழித்து ஒரு நாள் சரியாக அவிழவில்லை. இதில் மகள் என்ன செய்திருக்க முடியும், செய்யாமல் இருந்திருக்க முடியும்?

வயதுக் கணக்கு இதிலிருந்து வருவதுதான். 20 வயதுத் தாய்க்கு டவுன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 1500இல் 1. 30 வயதில் 900இல் 1, 35இல் 350இல் 1, 40இல் 100இல் 1, 45இல் 30இல் 1. இதைக் காட்டி ‘பெண்ணைப் படிக்க வைத்தது தப்பு, சீக்கிரம் கட்டிக்கொடுத்திருக்க வேண்டும்’ என்று பேசுகிறவர்களை நம் மாவட்டத்தில் நானே கேட்டிருக்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலாவதாக, 91.75 சதவீதத்தோடு நின்ற மாவட்டம் இது. அந்தப் பேச்சு நமக்கு அழகில்லை. அது தப்பான பேச்சும்கூட. டவுன் குழந்தைகளில் பெரும்பாலோர் 35க்குக் குறைந்த தாய்மாருக்கே பிறக்கிறார்கள், ஏனென்றால் பிள்ளைப்பேறுகளில் பெரும்பாலானவை அந்த வயதில்தான் நடக்கின்றன.

இனி மண். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது, அதனால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து மோனசைட்டைக் கண்டறிந்தார். இதே மணல் வடக்கே கொல்லம் மாவட்டக் கரையிலும் உண்டு. 1976இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, அந்தக் கேரளக் கரையில் டவுன் சிண்ட்ரோம் அதிகம் என்றது. நம் ஊர்ப் பேச்சின் வேர் அநேகமாக அங்கேதான். ஆனால் அந்த ஆய்வின் எண்ணிக்கை சிறியது, ஒப்பிட்ட விதமும் சரியில்லை என்று அப்போதே மறுப்புகள் எழுந்தன. பிறகு 1995 முதல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கொல்லம் ஆய்வகம், அப்பகுதி மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளை வரிசையாகப் பரிசோதித்துவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தும், கதிர்வீச்சு கூடிய இடத்தில் பிறவிக் குறைகள் கூடியதாகத் தெரியவில்லை. டவுன் சிண்ட்ரோமும் அதில் அடக்கம். அது கொல்லத்துக் கணக்கு. மணல் அதே மணல். மணல் எடுப்பதைப் பற்றிக் கடற்கரை மக்களுக்கு இருக்கும் கவலைகளும் புற்றுநோய் பற்றிய கேள்விகளும் வேறு விஷயம். அவற்றுக்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு பெண் பிறந்து வளர்ந்த ஊரைச் சொல்லி அவளைக் குற்றவாளி ஆக்குவதற்கு அந்த மணலில் ஆதாரம் இல்லை.

கருச்சிதைவு ஆன வீடுகளில் இதைவிடக் கொடுமையாகப் பேசுவார்கள். பப்பாளி தின்றாய், அன்னாசி தின்றாய், ஸ்கூட்டரில் குழியில் குதித்துப் போனாய், கிரகணத்தன்று முற்றத்துக்கு வந்தாய். முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு குரோமோசோம் கணக்குத் தவறுதான் காரணம். 16ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பது அவற்றில் மிகச் சாதாரணம். அப்படிப்பட்ட கரு பிறக்கும் வரை வருவதே கிடையாது. 13, 18 மூன்றானால் சில குழந்தைகள் பிறப்பார்கள், பெரும்பாலோர் ஒரு வருடம் தாண்டுவதில்லை. 21 மட்டும் தாக்குப்பிடிப்பது அதில் ஜீன்கள் குறைவு என்பதால். இந்தத் தவறுகளில் பெரும்பாலானவை முட்டை வெளிவரும் நேரத்தில், கரு உண்டாகும் முன்பே நடந்து முடிந்தவை. நாள் தள்ளிப்போனது தெரிந்த பிறகு தின்ற எதுவும், போன எந்தப் பயணமும் முட்டைக்குள் போய்க் குரோமோசோமை மாற்றியிருக்க முடியாது. இதை ஒவ்வொரு பிரசவ வார்டு சுவரிலும் எழுதிப்போட்டால் நல்லது என்று எனக்குத் தோன்றும்.

பிரியாமை எல்லா உயிரிலும் உண்டு என்பதைக் காட்ட அன்று வீட்டில் இருந்த ஏத்தம்பழம் ஒன்றை நீளவாக்கில் கீறிக் காட்டினேன். நடுவில் சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். விதையாக வேண்டியவை அவை, ஆகவில்லை. வாழைக்கு ஒரு தொகுதி என்பது 11 குரோமோசோம். காட்டு வாழையில் இரண்டு தொகுதி, 22. பழம் முழுக்கக் கல் மாதிரி விதை. எப்போதோ ஒரு பூவில் மியாசிஸ் கோளாறாகி, பாதியாகப் பிரியாமல் 22ம் ஒரே முட்டைக்குள் தங்கியது. அது 11 உள்ள மகரந்தத்தோடு சேர்ந்து 33 ஆயிற்று. ஏத்தன், செந்துளுவன், பாளையங்கோட்டான் எல்லாம் அந்த 33 ஜாதி. மூன்று தொகுதியை இரண்டாகச் சரிபாதி பிரிக்க வழியில்லை, அதனால் விதை பிடிப்பதில்லை. கன்று வைத்துத்தான் வளர்க்கிறோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி மட்டும் இரண்டு தொகுதிக்காரன், 22தான். அதில் விதை இல்லாததற்குக் காரணம் வேறு, மகரந்தம் சேராமலே சதை திரளும் குணம் அது.

அப்படியென்றால் வாழைக்கு நன்மையானது மனிதனுக்கு ஏன் கஷ்டம்? அவியலை நினைத்துப் பாருங்கள். காய், தேங்காய், தயிர், உப்பு எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு போட்டால் பெரிய சட்டி அவியல். உப்பை மட்டும் ஒன்றரை மடங்கு போட்டால்? வாழையில் கூடியது முழுத் தொகுதி. டவுன் சிண்ட்ரோமில் கூடியது ஒரே ஒரு குரோமோசோம். அதிலுள்ள 200க்கு மேற்பட்ட ஜீன்கள் மட்டும் ஒன்றரை மடங்கு வேலை செய்கின்றன, மற்றவை பழைய அளவில் இருக்கின்றன. மனித உடம்போ முழுத் தொகுதி கூடினாலும் தாங்காது; செடிகளுக்கு அந்தத் தாங்கும் சக்தி அதிகம்.

அந்த ஒன்றரை மடங்கு எங்கெங்கே தொடும் என்று தெரிந்துவைத்தால் பெற்றோருக்கு உதவும். டவுன் குழந்தைகளில் பாதிப் பேர் வரை இதயக் குறையோடு பிறக்கிறார்கள். அதனால் எக்கோ பார்த்தீர்களா என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. பார்க்கவில்லை என்றார்கள். அதற்கு அடுத்து தைராய்டு, காது, கண். பேச்சுக்கும் நடைக்கும் பயிற்சியைச் சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும். அதற்கென்றே அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. 1983இல் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வருடம், இன்று 60. குரோமோசோம் மாறவில்லை, இதய அறுவை சிகிச்சையும் கவனிப்பும் மாறின.

கிளம்பும்போதுதான் மகள் முதல் தடவை வாய் திறந்தாள்: “சார், அடுத்த பிள்ளைக்கும் இப்பிடி வருமா?” அதற்கான பதில் அந்த ரிப்போர்ட்டிலேயே இருந்தது. டவுன் சிண்ட்ரோமில் ஏறக்குறைய 95 சதவீதம், இவளுக்கு வந்ததுபோல 21 தனியாகக் கூடியது. அடுத்த முறை வரும் வாய்ப்பு சுமார் 100இல் 1; தாய்க்கு வயது கூடியிருந்தால் அந்த வயதுக்குரிய கணக்கு. 3, 4 சதவீதத்தில் மட்டும் கூடுதல் 21 வேறொரு குரோமோசோமோடு, பெரும்பாலும் 14ஆம் எண்ணோடு, ஒட்டிக்கொண்டிருக்கும். ரிப்போர்ட்டில் 46 என்றே இருக்கும், கூடவே 14, 21 என்று சேர்த்து எழுதியிருக்கும். அப்படி இருந்தால் அப்பா அம்மா இருவருமே ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒட்டு அப்பாவிடமிருந்தும் வரலாம், மறுபடியும் வரலாம். அடுத்து கருவுற்றால் 11 முதல் 13 வாரத்துக்குள் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. அவை சந்தேகம் சொல்லும், உறுதி சொல்லாது. உறுதிக்கு நஞ்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்துப் பார்க்க வேண்டும். செய்வதும் வேண்டாம் என்பதும் அவர்கள் முடிவு.

அடுத்த தடவை மாப்பிள்ளையையும் கூட்டிவரச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மகளோடு அவரும் வந்தார். குழந்தைக்கு எக்கோ எடுத்த காகிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது. ஆய்வகத்தைத் திறந்து, அன்று காலை வெட்டிய பல்லாரி வேரை அழுத்தி நுண்ணோக்கியில் வைத்தேன். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு கண்ணை எடுக்காமலே கேட்டார்: “இதுல எது சார் பிரியாம நிக்கு?”